நோயில்லாத நாயை மருத்துவரிடம் எவ்வளவு இடைவெளியில் அழைத்துச் செல்வது?

மூன்று வயதான ஒரு நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது, இதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. தடுப்பூசிக்காக மட்டும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். அதற்கு மேலும் போக வேண்டுமா, போக வேண்டுமென்றால் எத்தனை முறை என்பது கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்குட்டியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். வளர்ந்த, நலமாக இருக்கும் நாய்க்கு ஆண்டுக்கு ஒரு முறை முழு உடற்பரிசோதனை போதுமானது. முதுமையில் அடியெடுத்து வைத்த நாய்க்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தேவைப்படும். நாள்பட்ட நோயுள்ள நாய்க்கு வயதைப் பார்த்து இடைவெளி வைக்க முடியாது. அந்த நோயின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வதில் பெரிய பயனில்லை. அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் உங்கள் நாய்க்கு ஏற்றபடி அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். இரண்டு வருகைகளுக்கு இடையே அந்த நாயின் உடலில் எவ்வளவு மாறக்கூடும், அந்த மாற்றத்தில் எவ்வளவு வீட்டில் இருப்பவர்களின் கண்ணுக்குத் தெரியும் என்ற இரண்டு கேள்விகள்தாம் இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. ஒரு நாயாண்டு ஏழு மனித ஆண்டுகளுக்குச் சமம் என்ற பழைய கணக்கு துல்லியமானதன்று. முதல் ஆண்டிலேயே நாய் ஏறக்குறைய முழு வளர்ச்சி பெற்றுவிடுகிறது, அதன்பின் மூப்படையும் வேகம் உடலின் அளவைப் பொறுத்து வேறுபடுகிறது. ஆனாலும் அந்தக் கணக்கின் சாரம் தவறில்லை. பெரும்பாலான நாய்களின் ஆயுள் பத்து முதல் 13 ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுவதால், நாயை ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது, நடுவயதைக் கடந்த ஒரு மனிதர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போவதைப் போன்றது. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு முறை என்பது தாராளமான அளவன்று, குறைந்தபட்ச அளவு.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. நாய் தன் வலியையும் சோர்வையும் வெளியில் காட்டிக்கொள்வது குறைவு; நாம் கவனிக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் நோய் வெகுதூரம் வந்த பிறகே தெரிகின்றன. சிறுநீரகம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் ரத்தத்தில் வழக்கமான எல்லையைத் தாண்டுவதற்குள் சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். நாய் சாப்பாட்டை வெறுப்பது, மெலிவது, வாந்தி எடுப்பது எல்லாம் பல நேரங்களில் அதற்கும் பிறகுதான் தொடங்குகின்றன. பல் வேர் வரை சீழ் பிடித்த நாய்கூட வழக்கம்போல் உணவுத்தட்டைக் காலி செய்யும். இதயத்தின் அடைப்பிதழ் கசியத் தொடங்கினால், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பு ஒலிக்கும் வீட்டில் கேட்கும் முதல் இருமலுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கலாம். ஆகவே "நன்றாகத்தானே இருக்கிறது" என்ற சொல்லை நான் பாதிச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

குட்டிப் பருவத்தில் இத்தனை முறை போக வேண்டியிருப்பதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் முதல் ஊசியோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பிறந்த குட்டி தாயின் சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெறுகிறது. அவை சில வாரங்களுக்குக் குட்டியைக் காக்கின்றன. அதே நேரத்தில் தடுப்பூசியில் உள்ள வைரஸையும் அவை செயலிழக்கச் செய்துவிடுவதால், அந்தக் காலத்தில் போடும் ஊசி குட்டியின் உடலில் சொந்த எதிர்ப்பாற்றலை உருவாக்காமல் வீணாகலாம். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளிடையேகூட வேறுபடும். அதனால்தான் டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகிய, உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ்களுக்கான முதன்மைத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு ஊசிகளைப் போட்டுவிட்டு 12 வாரத்தில் நிறுத்திவிட்ட குட்டிக்குப் பார்வோ வந்தால் அது மருந்தின் குறையாக இருக்க வேண்டியதில்லை. தேவையான ஊசி தேவையான வயதில் போடப்படாமல் போயிருக்கலாம்.

வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாக 12 வாரத்திற்குப் பிறகு போட்டு, ஓராண்டு கழித்து மறு ஊசி போடுவார்கள். அதன்பின் ஆண்டுதோறுமா மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையா என்பது அந்த மருந்தின் உரிமத்தையும் நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தையும் பொறுத்தது. இதில் மருத்துவ வாதம் செய்து இடைவெளியை நீட்டிக்க முயல வேண்டாம். வெறிநோய் மனிதருக்கும் வரும், அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய தப்பவே முடியாத நோய் அது.

குட்டிப் பருவ வருகைகளில் ஊசியோடு சேர்ந்து நடக்க வேண்டிய இன்னொன்று குடற்புழு நீக்கம். நாய்களின் உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் புகுந்துவிடுகிறது. பாலின் வழியாகவும் வருகிறது. எனவே குட்டி எவ்வளவு தூய்மையான இடத்தில் பிறந்திருந்தாலும் அதற்குப் புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வார வயதில் தொடங்கி, பால் மறக்கும்வரை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் நிறையும்வரை மாதம் ஒரு முறை மருந்து கொடுப்பது வழக்கம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, குட்டியின் எடையோ வாரந்தோறும் மாறுவது. போன மாதம் கொடுத்த அளவை இந்த மாதமும் கொடுத்தால் அது போதாமல் போகும். கொசுவழிப் பரவும் இதயப்புழு உள்ள பகுதிகளில் அதற்கான தடுப்பு மருந்தையும் இளமையிலேயே தொடங்க வேண்டும். தொற்று ஏற்பட்டு ஆறேழு மாதங்களுக்குப் பின்னரே ரத்தப் பரிசோதனையில் அந்தப் புழு தெரியவரும் என்பதால், வளர்ந்த நாய்க்குத் தடுப்பு மருந்து ஒழுங்காகக் கொடுத்துவந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

தடுப்பூசித் தொடர் முடிந்தபின் ஆறு மாத வயதுக்கு அருகில் ஒரு முறை காட்டுவது நல்லது. பால்பற்கள் 28-உம் விழுந்து நிலையான பற்கள் 42-உம் வந்திருக்க வேண்டிய காலம் அது; விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பால்பல், குறிப்பாகக் கோரைப்பல், புதிய பல்லை இடம் தவறச் செய்யும். ஆண் குட்டியின் விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் தங்கிவிட்ட விரையில் பிற்காலத்தில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு கூடுதல். கருத்தடை அறுவையை எப்போது செய்வது என்ற பேச்சையும் இந்த வருகையில் முடித்துக்கொள்ளலாம். சிறிய இன நாய்களுக்கு இந்த வயதிலேயே செய்யலாம், பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்லும் மருத்துவர்களே இப்போது அதிகம். முன்பெல்லாம் ஒரு வயதில் போட்டுவந்த முதன்மைத் தடுப்பூசியின் மறு ஊசியை 26 வார வயதுக்கே முன்னே கொண்டுவரும்படி உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. தொடர் ஊசிகளுக்கும் எதிர்ப்பாற்றல் பெறாத ஒரு சில குட்டிகள் மேலும் பல மாதங்கள் பாதுகாப்பின்றி இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இனி உங்கள் மூன்று வயது நாய்க்கு வருகிறேன். தடுப்பூசியையும் மருத்துவப் பரிசோதனையையும் ஒன்றாக எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு காலத்தில் எல்லாத் தடுப்பூசிகளையும் ஆண்டுதோறும் போட்டார்கள். ஊசிக்காகப் போனபோது மருத்துவர் உடம்பையும் தடவிப் பார்த்துவிடுவார். டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸ் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு வளர்ந்த நாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் நிற்கும் என்று தெரிந்தபின், அவற்றை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் போடத் தேவையில்லை என்பது இன்றைய நிலை. எலிக்காய்ச்சலுக்கான ஊசியின் பாதுகாப்பு ஓராண்டுக்கு அருகிலேயே முடிந்துவிடுவதால், அந்த நோய் பரவும் இடங்களில் அதை மட்டும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. விரும்பினால் முதன்மை ஊசிகளுக்குப் பதிலாக ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்த்து முடிவெடுக்கலாம். எலிக்காய்ச்சலுக்கு அந்த முறை பொருந்தாது. இவையெல்லாம் நல்ல முன்னேற்றங்கள். ஆனால் ஊசியின் இடைவெளி நீண்டது என்பதற்காக மருத்துவரைப் பார்க்கும் இடைவெளியையும் நீட்டிக்கொண்டவர்கள் பலர் உண்டு. தேவையற்ற ஊசியை மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஊசி இல்லாத ஆண்டிலும் பரிசோதனை மட்டும் வேண்டும் என்று கேளுங்கள். ஊசியைப் போட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடும் வருகையை நான் ஆண்டுப் பரிசோதனைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

முழுப் பரிசோதனை என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் அது நடந்ததா இல்லையா என்று நீங்களே மதிப்பிடலாம். எடை எடுக்கப்பட்டு, முந்தைய எடையோடு ஒப்பிடப்பட வேண்டும். உதட்டைத் தூக்கிப் பின்கடைவாய்ப் பற்கள் வரை பார்க்க வேண்டும். கண்களில் வெண்மையோ சிவப்போ உண்டா, காதுக்குள் அழுக்கும் நாற்றமும் உண்டா என்று பார்த்து, தாடைக்கு அடியிலும் தோள் முன்புறத்திலும் முழங்கால் பின்புறத்திலும் உள்ள நிணநீர்க் கணுக்களைத் தடவ வேண்டும். இதயத்தையும் நுரையீரலையும் அவசரமின்றிக் கேட்க வேண்டும். வயிற்றை அழுத்தி உறுப்புகளின் அளவை உணர்வதும், மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்ப்பதும், மயிரை விலக்கித் தோலையும் உண்ணிகளையும் தேடுவதும் இதில் அடங்கும். இவற்றில் ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சாதாரணமானது. சென்ற ஆண்டுக் குறிப்போடு ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள் கிடைக்கிறது. அதனால் முடிந்தவரை ஒரே மருத்துவரிடமோ, குறிப்பேடு ஒழுங்காக வைத்திருக்கும் ஒரே இடத்திலோ காட்டுவதை வற்புறுத்துவேன்.

இளம் நாய்க்கு ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வகத் தாளில் அச்சிடப்பட்ட இயல்பு எல்லைகள் பல நாய்களின் அளவுகளைத் திரட்டி வகுக்கப்பட்டவை, அவை அகலமானவை. உங்கள் நாயின் கிரியாட்டினின் எப்போதும் 0.8 ஆக இருந்து இந்த ஆண்டு 1.3 ஆகியிருந்தால், தாளில் அது இன்னும் இயல்பு எல்லைக்குள்தான் இருக்கும். பழைய எண் கையில் இருந்தால் மட்டுமே அந்த ஏற்றம் கண்ணில் படும். நலமாக இருக்கும்போது ஒரு முறை, மூன்று நான்கு வயதுக்குள், ரத்தமும் சிறுநீரும் பார்த்துப் பதிந்து வைப்பதன் பயன் அதுதான். அதன்பின் நடுவயது வரும்வரை ஆண்டுதோறும் அதைச் செய்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டு வருகையில் கிடைக்கும் பயன்களில் மிக எளிதானதும் மிகப் பெரியதும் அதுவே. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒப்பிடுவதற்காக இணையாக வைக்கப்பட்ட நாயைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்று ஒல்லியாக இருந்தவை இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதி நாய்கள் எட்டிய வயதில்) 13 ஆண்டுகள் வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு எடை ஏறுவது தெரியாது. விலா எலும்புகளின் மேல் கையை வைத்தால் அழுத்தாமலே அவை விரல்களுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இவை இல்லையென்றால், நாய் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அடுத்த வருகை வரை காத்திருக்காமல் உணவளவைப் பற்றிப் பேசுங்கள்.

பற்களின் நிலையும் இதேதான். மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் தொடங்கிவிடுகிறது. சிறிய இனங்களில் இது இன்னும் விரைவு. மேலே தெரியும் பற்காரையைச் சுரண்டிவிட்டால் பல் வெண்மையாகத் தெரியும், ஆனால் நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே சுத்தம் செய்யவும் பல்லின் எக்ஸ்ரே எடுக்கவும் மயக்க மருந்து தேவை. மயக்கம் கொடுக்காமல் பல் சுத்தம் செய்துதருவதாகச் சொல்லும் இடங்களை நம்பாதீர்கள். எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை இது தேவை என்பது நாய்க்கு நாய் மாறும். வீட்டில் நாள்தோறும் பல் துலக்கிவிடுபவர்களின் நாய்க்கு நீண்ட இடைவெளி போதும்.

முதுமை எப்போது தொடங்குகிறது என்பதற்கு ஒரே வயது கிடையாது. எதிர்பார்க்கும் ஆயுளின் கடைசிக் கால்பகுதியை முதுமை என்று கொள்வது மருத்துவர்களின் பொதுவான வழக்கம். கிரேட் டேன் போன்ற பேருருவ நாய் ஆறு வயதிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். லாப்ரடார் எட்டு ஒன்பதில். சிவாவா பத்து வயதைத் தாண்டி. அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை போவதும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பதும் அவசியம். இந்த வயதில் என்னை மிகவும் உறுத்துவது "வயதாகிவிட்டது, அதனால்தான்" என்ற முடிவு. படியேறத் தயங்குவது பெரும்பாலும் மூட்டுவலி, அதற்கு மருந்துண்டு. அடிக்கடி தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழிப்பது சிறுநீரக நோயாகவோ, நீரிழிவாகவோ, அட்ரினல் சுரப்பியின் கோளாறாகவோ இருக்கலாம். இரவில் காரணமின்றி நடந்துகொண்டிருப்பதும், பழகிய வீட்டில் மூலையில் மாட்டிக்கொண்டு நிற்பதும் மூளையின் மூப்பைக் குறிக்கலாம். அதற்கும் ஓரளவு உதவி இருக்கிறது. உடலில் புதிதாகத் தோன்றிய கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்திற்கு மேல் மறையாமல் இருந்தாலோ, ஊசியால் உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டுப் பார்த்து மட்டும் "இது வெறும் கொழுப்புக்கட்டி" என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இனத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். பக், புல்டாக் போன்ற தட்டைமுக நாய்களின் மூச்சுவழியையும் கண்களையும் தோல் மடிப்புகளையும் இளமையிலிருந்தே கூர்ந்து கவனிக்க வேண்டும். டாபர்மேனுக்கு இதயத்தசை விரிவடையும் நோய் வெளியே எதுவும் தெரியாமல் முன்னேறும் என்பதால், மூன்று நான்கு வயது முதல் ஆண்டுதோறும் இதய ஸ்கேனும், 24 மணி நேர இதயத்துடிப்புப் பதிவும் செய்யச் சொல்கிறார்கள். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலுக்கு இதய அடைப்பிதழ் நோய் இளமையிலேயே தொடங்கலாம். டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டு, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு. கலப்பின நாய்க்கு இப்படிக் குறிப்பிட்ட பட்டியல் இல்லையே தவிர, ஆண்டுப் பரிசோதனையிலிருந்து அதற்கு விலக்கு கிடையாது.

கருப்பை நீக்கப்படாத பெண் நாய் வைத்திருப்பவர்கள் பருவகாலம் முடிந்த தேதியைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் நாய் மந்தமாகி, அதிகம் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் இருந்தால், பிறப்புறுப்பிலிருந்து சீழ் வந்தாலும் வராவிட்டாலும் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம்; அன்றே காட்ட வேண்டும். சினை நாய்க்கு 25 முதல் 30 நாள்களில் ஸ்கேன் எடுத்தால் சினை உறுதியாகும். 55 நாள்களுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எண்ணிக்கை தெரியும். சினைக்காலம் சுமார் 63 நாள்கள்; எத்தனை குட்டி என்று தெரிந்திருந்தால்தான் பிரசவம் முடிந்ததா, ஒன்று உள்ளே தங்கிவிட்டதா என்று அறிய முடியும்.

நாள்பட்ட நோய் கண்டறியப்பட்டால் மருந்தே உங்கள் நாட்காட்டியை எழுதிவிடும். இன்சுலின் தொடங்கிய நீரிழிவு நாயை அளவு நிலைப்படும்வரை ஒன்று இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையும், பிறகு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் காட்ட வேண்டியிருக்கும். வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் தொடங்கினால் இரண்டு மூன்று வாரங்களில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அதோடு கல்லீரலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தைராய்டு குறைபாட்டுக்கு மருந்து தொடங்கி நான்கு முதல் எட்டு வாரங்களில் முதல் மறுபரிசோதனை. மூட்டுவலிக்கு நீண்டகாலம் மாத்திரை எடுக்கும் நாய்க்குத் தொடக்கத்தில் ஒரு முறை, சில வாரங்களில் ஒரு முறை, பிறகு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சிறுநீரகமும் கல்லீரலும் பார்க்கப்பட வேண்டும். சிறிய விஷயம் போல் தோன்றும் காதுத்தொற்றிலும் மறுவருகையைத் தவறவிடாதீர்கள். நாற்றம் நின்றவுடன் மருந்தை நிறுத்திவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் கிருமி சில வாரங்களில் மீண்டும் கிளம்பும், இரண்டாவது முறை அதே மருந்து கேட்காமலும் போகலாம்.

மேலே சொன்னவை எல்லாம் திட்டமிட்ட வருகைகள். திட்டத்தில் இல்லாத, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. வயிறு உப்பிக்கொண்டு, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் நாய் நிலைகொள்ளாமல் தவித்தால், அதுவும் ஆழமான மார்புடைய பெரிய நாயாக இருந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மூச்சுவிடத் திணறுவது, ஈறுகள் வெளுத்தோ நீலம் பூத்தோ தெரிவது, சிறுநீர் கழிக்க முக்கியும் சொட்டுகூட வராதது, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வரும் வலிப்பு, பின்கால்கள் திடீரென இழுபடுவது, பாம்புக்கடி, வாகனத்தில் அடிபட்டது ஆகியவையும் அப்படித்தான். வாகனத்தில் அடிபட்ட நாய் எழுந்து நடந்தாலும் உள்ளே ரத்தம் கசியக்கூடும். வெப்பத்தாக்கம் ஏற்பட்டால் முதலில் தண்ணீர் ஊற்றி, காற்றோட்டம் கொடுத்துக் குளிர்வித்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

நச்சுப்பொருள் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருப்பது பெருந்தவறு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலிமருந்தைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் இயல்பாகத் திரிந்துவிட்டுப் பிறகுதான் ரத்தம் கசிந்து விழும். முதல் ஓரிரு மணி நேரத்தில் கொண்டுபோனால் வாந்தி எடுக்கவைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால், மனிதருக்கான பாரசிட்டமால், இபுப்ரோஃபென் ஆகியவை எல்லாமே ஆபத்தானவை. வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். தின்ற பொருளின் உறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த அளவுக்கு அவசரமில்லாதவற்றில் கண் தொடர்பான எதையும் அன்றைக்கே காட்ட வேண்டும். வளர்ந்த நாய் ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தாலோ, வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒரு நாளைத் தாண்டினாலோ, நொண்டுவது இரண்டு நாளில் தணியாவிட்டாலோ காட்டுங்கள். குட்டிக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தால் சில மணி நேரமே அவகாசம். உண்ணி கடித்த நாய்க்குக் காய்ச்சலும் சோர்வும் வெளுத்த ஈறும் சேர்ந்து வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மாறாக, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் வளர்ந்த நாய் ஒரு முறை வாந்தி எடுத்ததற்காக ஓட வேண்டியதில்லை. அரை நாள் கவனித்துப் பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய கண்காணிப்பு இடைவெளியை நீட்டிக்காது. ஆனால் அந்த இடைவெளியில் எதுவும் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். நாய் ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சுவிடுகிறது என்று எண்ணுங்கள். அது 30-க்குக் கீழே இருக்க வேண்டும், தொடர்ந்து அதற்கு மேல் போனால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மனித அளவோடு ஒப்பிட்டுக் காய்ச்சல் என்று பயந்துவிடாதீர்கள்.

அடிக்கடி போவதிலும் ஒரு சிறு இழப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தடுப்பூசி முடியாத குட்டியை மருத்துவமனைத் தரையில் இறக்கிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஒவ்வொரு முறையும் வலியோடு திரும்பும் நாய் அடுத்த முறை வாசலிலேயே நடுங்கும், நடுங்கும் நாயின் இதயத்துடிப்பையும் வயிற்றையும் சரியாகப் பரிசோதிப்பது கடினம். இதற்கு, ஊசியோ மருந்தோ இல்லாமல், எடை பார்த்துவிட்டு ஒரு தின்பண்டம் கொடுத்துத் திரும்பும் வருகைகளை இடையிடையே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. அச்சம் மிக அதிகமான நாய்க்குப் புறப்படுவதற்கு முன் கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நாய்க்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான். தடுப்பூசி அட்டையை எடுத்து எந்த ஊசி எப்போது போடப்பட்டது என்று பாருங்கள். அடுத்த ஊசி இன்னும் தொலைவில் இருந்தாலும், கடைசியாக முழுப் பரிசோதனை நடந்து ஓராண்டு ஆகியிருந்தால் இந்த மாதமே ஒரு நேரம் வாங்குங்கள். அன்று காலை கழித்த மலத்தில் சிறிதளவு மூடிய குப்பியில் எடுத்துச் செல்லுங்கள். என்ன உணவு, எவ்வளவு, என்ன மருந்து என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எப்போதாவது நொண்டுகிறது, எப்போதாவது இருமுகிறது என்றால் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள். மருத்துவரின் முன்னால் நாய் அதைச் செய்துகாட்டாது.